ஒரே எண் கொண்ட இரண்டு சீட்டுகள்

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டுவைக்காத வீடு எங்களுடையது. பால் கணக்கும் சலவைக் கணக்கும் அதில்தான் எழுதப்படும். வயலின் கற்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் அந்த அட்டைகளை வெட்டிச் சீட்டுகளாக்கினோம். ஒரு பக்கம் மேளகர்த்தா ராகத்தின் பெயர், மறுபக்கம் அதன் எண். பெயரைக் காட்டினால் எண்ணைச் சொல்ல வேண்டும், எண்ணிலிருந்து சுரங்களைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குச் சீட்டு சொந்தம்.

ஒரு நாள் தரையில் இரண்டு சீட்டுகள் ஒரே எண்ணோடு கிடந்தன. கீரவாணி 21. கரஹரப்ரியா 21. எது பிழை என்று பெரிய சண்டை மூண்டது. இரண்டையும் விதிப்படிதான் கணக்கிட்டிருந்தோம். அந்தச் சண்டை தீர்ந்த விதத்தைச் சொல்லும் முன், விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

அதன் பெயர் கடபயாதி. வடமொழி நெடுங்கணக்கின் மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய உத்தி இது. க, ட, ப, ய ஆகிய நான்கும் 1 என்று வரிசைகள் தொடங்குவதால் இப்பெயர். எண்களைச் சொற்களாக்கிச் செய்யுளில் பொதிந்துவிட்டால், கோள்களின் கணக்கையும் மனப்பாடமாகச் சுமந்து செல்லலாம். கேரளத்து வானியலில் ஏழாம் நூற்றாண்டிலேயே இது வழக்கில் இருந்தது. ஹரிதத்தரின் 683ஆம் ஆண்டு நூல் இம்முறையைக் கையாள்கிறது. வானத்துக்காகப் பிறந்த உத்தி பல நூற்றாண்டுகள் கழித்து இசைக்கு வந்து சேர்ந்தது.

வர வேண்டிய தேவையும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், வேங்கடமகி எழுதிய சதுர்தண்டிப் பிரகாசிகையின் முதல் இயலே வீணையைப் பற்றியது. சுரங்களை எத்தனை விதமாக அடுக்க முடியும் என்று கணக்கிட்டு 72 மேளங்கள் என்று அவர் நிறுவினார். அன்று வழக்கில் இருந்தவையாக அவர் சொன்னவை 19தான். மீதமெல்லாம் யாரும் வாசித்திராத சாத்தியங்கள். வாசித்துப் பழகியதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். வாசிக்காததை எப்படி நினைவில் வைப்பது? பின்வந்தோர் 72க்கும் பெயர் சூட்டியபோது, பெயரின் முதல் இரண்டு எழுத்துகளிலேயே எண்ணை ஒளித்து வைத்தனர். கடபயாதிப்படி எண்களை எடுத்து, வரிசையைத் திருப்பினால் மேளத்தின் எண். கனகாங்கி: க 1, ந 0, திருப்பினால் 01. ரசிகப்ரியா: ர 2, ச 7, திருப்பினால் 72.

ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த ராகங்கள் இந்தக் கணக்குக்கு இணங்கவில்லை. ஆகவே பெயர்கள் வளைக்கப்பட்டன. கல்யாணிக்கு முன்னால் 'மேச' சேர்ந்து 65 ஆயிற்று. தோடி 'ஹனுமதோடி' ஆகி 8 ஆயிற்று. சங்கராபரணம் 'தீர' என்னும் அடைமொழி பெற்று 29 ஆயிற்று. அந்த அடைமொழிகளில் ராகத்தின் குணம் எதுவும் இல்லை. அவை வெறும் முகவரிகள்.

முகவரி கிடைத்துவிட்டால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு. 72 மேளங்களும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரங்கள். சக்கரங்களின் பெயர்களும் நினைவுக் குறிகளே: நிலவு ஒன்று என்பதால் இந்து, கண்கள் இரண்டு என்பதால் நேத்ரம், பிறகு அக்னி, வேதம், பாணம், ருது என்று போகும். முதல் 36க்கும் சுத்த மத்யமம், பின் 36க்கும் பிரதி மத்யமம். எந்தச் சக்கரம் என்பது ரிஷபத்தையும் காந்தாரத்தையும் சொல்லும்; சக்கரத்துக்குள் எத்தனையாவது இடம் என்பது தைவதத்தையும் நிஷாதத்தையும் சொல்லும். ஒரு பெயரை மட்டும் தெரிந்த மாணவன், அருகில் ஆசான் இல்லாமலே, தான் கேட்டறியாத ராகத்தின் ஏழு சுரங்களையும் விரலுக்குக் கொண்டுவந்துவிட முடியும்.

"ஆசான் இல்லாமலே" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நினைவுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சொல்லின் வரலாறே.

இத்தாலியில், பதினோராம் நூற்றாண்டின் முதற்பாதியில், அரெஸ்ஸோவின் குய்தோ என்ற துறவி இதே சிக்கலை எதிர்கொண்டார். மடங்களில் சிறுவர்கள் வழிபாட்டுப் பாடல்களை ஆசான் பாடக் கேட்டுக் கேட்டே கற்றார்கள். புதிய பாடல் ஒவ்வொன்றுக்கும் மீண்டும் ஆசானிடம் போக வேண்டும். சிறுவர்கள் அறிந்த ஒரு துதிப்பாடலின் வரிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே தொடங்கும்படி அமைத்து, வரித் தொடக்க அசைகளை சுரப் பெயர்களாக்கினார். உத், ரே, மி, ஃபா, சோல், லா. கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையையும் ஒழுங்குபடுத்தினார். பத்தாண்டு பிடித்த கல்வியை ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் முடித்துவிடலாம் என்று தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கூறினார். இத்தனைக்கும் அவர் தாம் வாழ்ந்த பொம்போசா மடத்தில் பொறாமைக்கு ஆளாகி வெளியேறியவர். ஆசானின் தேவையைக் குறைப்பவன் எங்கும் வரவேற்கப்படுவதில்லை போலும்.

பின்னாளில் இடக்கையின் விரல் கணுக்களில் சுரங்களைக் குறித்துக் காட்டும் படம் அவர் பெயரால் ஐரோப்பாவெங்கும் பரவியது. அவர் எழுதியனவாகக் கிடைக்கும் நூல்களில் அந்தக் கைப்படம் இல்லை. ஆனால் அதன் கருத்து நமக்கு அந்நியமன்று. தாளத்தை விரல் விட்டு எண்ணிக் கற்ற எவருக்கும், உடம்பே சுவடியாவது புதிதல்ல.

இது விளையாட்டுப் பெட்டியாக மாறியது 1801இல். எடின்பரோவில் இசை கற்பித்த ஆன் யங் என்ற பெண்மணி, பகடையும் முளைகளும் சுரக்கோடு வரைந்த பலகையும் கொண்ட ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பகடை உருட்டி, முளைகளை நகர்த்தி, சுரங்கள், சுருதிகள், இடைவெளிகள் ஆகியவற்றைக் குழந்தைகள் விளையாடியபடி கற்க வேண்டும். அதற்கான விளக்க நூலை 1803இல் வெளியிட்டார். பியானோவின் முன் அமர்ந்து அழும் குழந்தைகளைப் பார்த்த ஒருவருக்குத்தான் இப்படியொரு பெட்டி தோன்றியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

பிறகு நினைவே ஆய்வுப் பொருளாயிற்று. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885இல் நூலாக்கினார். 1970களில் செபாஸ்டியன் லைட்னர், அறைகள் பிரித்த அட்டைப்பெட்டியில் சீட்டுகளை வைத்து, தெரிந்தவற்றை அரிதாகவும் தெரியாதவற்றை அடிக்கடியும் எடுத்துப் பார்க்கும் முறையைப் பரப்பினார். இன்று கைபேசிச் செயலிகள் சுரக்குறிச் சீட்டுகளை நம் முன் நீட்டுவது ஏறக்குறைய இந்தக் கணக்கின்படியே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எபிங்ஹவுஸ் வேண்டுமென்றே பொருளற்ற அசைகளைத் தேர்ந்தார். பொருள் இருந்தால் நினைவுக்கு வேறு துணை கிடைத்துவிடும் என்பதால். குய்தோவோ பாடிப் பழகிய பாட்டிலிருந்து அசைகளை எடுத்தார். 'மி' என்றதும் அந்த வரியின் தொடக்க ஒலி சிறுவனின் காதில் எழ வேண்டும் என்பதால். இன்றைய இசைச் சீட்டின் ஒரு பக்கம் சுரக்குறியும் மறுபக்கம் அதன் பெயரும் இருந்தால், நாம் எபிங்ஹவுஸின் மாணவர்கள். மறுபக்கம் ஓர் ஒலி இருந்தால் குய்தோவின் மாணவர்கள்.

நம் மிருதங்கச் சொற்கட்டு இந்த இரண்டாம் வகையின் உச்சம் எனலாம். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. இங்கே குறி வேறு, ஒலி வேறு அல்ல; சொல்லே ஒலி, ஒலியே கணக்கு. பேருந்து நெரிசலில் நின்றபடி தொடையில் தட்டிச் சொல் சொல்லிச் செல்லும் மாணவனிடம் மிருதங்கம் இல்லை, ஆசான் இல்லை. ஆனால் பாடம் முழுதாக இருக்கிறது.

இனி எங்கள் சண்டைக்கு வரலாம். இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வயலின் ஆசிரியரிடம் போனோம். அவர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டையும் கீழ வைங்க. இருபத்தொண்ணோட சுரத்தை வாசிங்க," என்றார். நாலாவது சக்கரம், மூன்றாவது இடம்: சுத்த தைவதம், காகலி நிஷாதம். வாசித்தோம். மேலே ஏறி நிஷாதத்தைத் தொடும் முன்பே எங்களில் இளையவள் சொல்லிவிட்டாள், "சார், இது கீரவாணி." பிறகு கரஹரப்ரியாவை, எண்ணை மறந்துவிட்டு, காதில் இருந்தபடி வாசிக்கச் சொன்னார். விரல் தானாகச் சதுச்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் போயிற்று. அது நாலாவது சக்கரத்தின் நாலாவது இடம். எண் 22.

பிழை எங்கே இருந்தது என்பதை அவர் பிறகுதான் விளக்கினார். கரஹரப்ரியாவின் முதலெழுத்து வடமொழியில் வர்க்கத்தின் இரண்டாம் ககரம், மதிப்பு 2. தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்து. நாங்கள் தமிழில் எழுதினோம், தமிழில் எண்ணினோம், 21க்கு வந்து சேர்ந்தோம். சங்கராபரணத்தின் 'தீர'வும் இப்படித்தான். அந்தத் தகரத்தை எந்தத் தகரமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது 26இல் சாருகேசி வீட்டிலோ, 27இல் சரசாங்கி வீட்டிலோ, 28இல் ஹரிகாம்போதி வீட்டிலோ நம்மை இறக்கிவிடக்கூடும்.

நம் எழுத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடபயாதி வேறொரு நெடுங்கணக்குக்காகச் செய்யப்பட்ட பூட்டு. சீட்டுகளையும் குறை சொல்லவில்லை. ஆசான் கிடைக்காதவர்களுக்கும் கிடைத்தும் கற்றுத்தரப்படாதவர்களுக்கும் கதவு திறந்தவை இத்தகைய உபாயங்களே. ஆனால் சீட்டு தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளாது. அன்று திருத்தியது, வாசிப்பில் எங்களுக்கெல்லாம் பின்தங்கியிருந்த ஒரு சிறுமியின் காது. அவள் சீட்டு விளையாட்டில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை; மாலையில் வானொலி பாடினால் எழுந்து போகாமல் கேட்டவள், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டில் 21ஐ அடித்து 22 என்று எழுதினோம். மறுபக்கத்தில், ராகத்தின் பெயருக்குக் கீழே, அவள் பென்சிலால் இன்னொரு வரி சேர்த்தாள்: 'வாசித்துப் பார்க்கவும்.'