இறக்கையை உதிர்த்த ஈ

ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்து ஓய்ந்தால் போதும். திண்டுக்கல்லுக்கு வடக்கே அகரம், தாடிக்கொம்புப் பக்கம் சாயங்காலம் டியூப்லைட் போட முடியாது. அப்படி ஈசல் வரும். காலையில் பார்த்தால் திண்ணை முழுக்க இறக்கை கிடக்கும், ஈசலைக் காணோம். பல்லி தின்றது போக, கோழி கொத்தியது போக, மிச்சம் தப்பியது ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போயிருக்கும். ஈசலுக்கு இறக்கை என்பது ஒரே ஒரு பயணத்துக்கான டிக்கெட். ஊர் வந்து சேர்ந்ததும் அதுவே கிழித்துப் போட்டுவிடும்.

இது நமக்கு ரொம்ப நாளாகவே தெரியும். புறநானூறு 119ஆம் பாட்டில் கபிலர் பறம்பு நாட்டுச் சாப்பாட்டைச் சொல்லும்போது, புற்றிலிருந்து வரும் ஈசலையும் சேர்த்துத்தான் சொல்கிறார். புற்றைக் கும்பிட்டோம், ஈசலை வறுத்தோம், மழைக்குப் பிறகு புற்றின் மேல் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைத்தோம். ஆனால் அதே புற்றுக்குள் வந்து, அதே மாதிரி இறக்கையை உதிர்த்துவிட்டுக் குடியேறும் இன்னொரு உயிர் உண்டு. அதைப் பற்றிய முதல் அறிவியல் எழுத்து வர 1900 ஆகிவிட்டது. எழுதியவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

அது ஒரு ஈ. நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

*

எரிக் வாஸ்மான், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் மெரான் என்ற ஊரில் 1859-இல் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். நுரையீரல் நோய்க்காரர். மிஷனரியாக வெப்ப நாடுகளுக்குப் போகும் உடம்பு இல்லை. அதனால் எறும்பையும் கறையானையும், அவற்றின் வீட்டில் ஒண்டிக் குடியிருக்கும் பூச்சிகளையும் எடுத்துக்கொண்டார். இந்த ஒண்டிக் குடித்தனக்காரர்களை "விருந்தாளிகள்" என்று அவர் காலத்தில் சொன்னார்கள். சில விருந்தாளிகளை விருந்தாளி என்று சொல்வது கஷ்டம். வீட்டுக்காரன் பிள்ளையையே தின்பவையும் அதில் உண்டு.

அவரால் போக முடியாத இடத்துக்கெல்லாம் அவர் சபைக்காரர்கள் போயிருந்தார்கள். புற்றை வெட்டி, உள்ளே இருப்பதைச் சாராயக் குப்பியில் போட்டு, ஊரையும் தேதியையும் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் பக்கம் வேலை செய்த ஹைம் என்ற பாதிரியார் அவர்களில் ஒருவர். அவர் அனுப்பியதில் ஒரு விசித்திரமான உருப்படி இருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வேறு ஆட்கள் அனுப்பிய குப்பிகளிலும் அதன் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

1900-இல் ஒரு ஜெர்மன் விலங்கியல் இதழில் வாஸ்மான் கட்டுரை வந்தது. கறையான் கூட்டில் வாழும், இறக்கையற்ற, வயிறு ஊதிய புதிய ஈப் பேரினம் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். பேரினத்துக்கு வைத்த பெயர் டெர்மிடோசீனியா. கறையானின் விருந்தாளி என்று பொருள் கொள்ளலாம். நம் நாட்டு இனத்துக்குக் குப்பி அனுப்பியவர் பெயரையே வைத்தார்: டெர்மிடோசீனியா ஹைமி.

உருவத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சின்னத் தலை, குத்தி உறிஞ்சத் தோதான நீண்ட வாய். பின்னால் வெள்ளையாக, பலூன் மாதிரி ஊதி முன்பக்கம் மடிந்த வயிறு. முதுகில் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குச்சித் துண்டு. இதை ஈ என்று யாரும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. வாஸ்மான் சொன்னார், அது சரியாகவும் இருந்தது. இன்று இவை ஃபோரிட் என்ற கூன்முதுகு ஈக் குடும்பத்தில் இருக்கின்றன. குப்பையிலும் அழுகிய பழத்திலும் விட்டு விட்டு ஓடும் சின்ன ஈக்கள் இருக்கின்றனவே, அந்தக் குடும்பம்தான்.

*

ஈ என்று சொன்னது சரி. அதற்கு மேல் அவர் சொன்ன மூன்று விஷயங்களில்தான் சிக்கல்.

ஒன்று, முதுகில் இருக்கும் அந்தக் குச்சிகள். இறக்கை இப்படி மாறி வேறு வேலைக்கு வந்துவிட்டது என்றார். கறையான்கள் இதைப் பிடித்து ஈயைத் தூக்கிப் போகும், கைப்பிடி மாதிரி. இரண்டு, இந்த ஈயில் ஆண் பெண் என்று தனித்தனியாக இல்லை, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறது என்றார். மூன்று, இதற்குப் புழுப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராக ஈ வந்துவிடுகிறது என்றார்.

ஈக்களின் உலகத்தில் இந்த மூன்றும் ஊரைக் கூட்டும் செய்தி. இவர் சும்மா அடித்துவிடுபவரும் இல்லை. உடலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் எழுதினார்.  ஆண் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. புழுவும் வரவில்லை. இல்லாததை வைத்து இல்லை என்று முடிவு கட்டினார். தூரத்தில் உட்கார்ந்து குப்பியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். புற்று எப்போது திறக்கப்பட்டது, அன்றைக்கு மழையா வெயிலா, சுற்றி என்ன பறந்தது என்பதெல்லாம் குப்பிக்குள் வராது.

பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் வேலை பார்த்த யோசப் அஸ்முத் என்ற இன்னொரு இயேசு சபைக்காரர் இதே வகை ஈக்களைப் பிடித்துக் கொடுத்தார். அவர் பெயரிலும் ஒரு இனம் வந்தது. 1913-இல் அஸ்முத் அந்த இனத்தின் உள்ளுறுப்புகளைப் பற்றித் தனியாகப் பெரிய ஆய்வே வெளியிட்டார். ஒரு கடுகளவு ஈக்கு ஒரு புத்தகம். அந்தக் காலத்தில் இது வெறும் பூச்சி விவகாரமும் இல்லை. வாஸ்மான் பரிணாமத்தை ஏற்றுக்கொண்ட பாதிரியார். மனித ஆன்மாவை மட்டும் அதில் சேர்க்க மாட்டேன் என்றவர். 1907-இல் பெர்லினில் எதிர்த்தரப்பு விஞ்ஞானிகளோடு பொதுமேடையில் வாதம் செய்தார். கறையானுக்கு ஏற்றபடி மாறிப்போன இந்த ஈ, அந்த வாதத்தில் அவர் கைக்கு வாகான சாட்சி.

*

பின்னால் நடந்த ஆய்வுகள் முடிச்சை அவிழ்த்தன.

முதுகில் இருந்தது கைப்பிடி இல்லை, ஒடிந்த இறக்கையின் அடித்தண்டு. பெண் ஈ முழு இறக்கையோடுதான் பிறக்கிறது. பறந்து புற்றுக்கு வருகிறது. உள்ளே போனதும் இறக்கை அடியோடு ஒடிந்துவிடுகிறது. ஈசல் செய்வதேதான். அதற்குப் பிறகுதான் வயிறு ஊதத் தொடங்குகிறது. பூச்சி உலகத்தின் பொதுவிதி, இறக்கை முளைத்து முழுப்பூச்சி ஆனபின் வளர்ச்சி நின்றுவிடும் என்பது. இந்த ஈ அந்த விதியைத் தாண்டி வளர்கிறது. ஆணும் தனியாக உண்டு. அது இறக்கையோடு வெளியே திரிகிறது. புற்றைத் தோண்டியவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? புழுவும் உண்டு. சில இனங்களில் முட்டையிலிருந்து வரும் புழு எதுவும் தின்னாமல் சீக்கிரமே கூட்டுப்புழுவாகிவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் பருவம். வாஸ்மான் அதைத் தவறவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆக மூன்றும் தவறு. ஆனால் டெர்மிடோசீனியா என்ற பெயர் தவறாகவில்லை. ஏன்? ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் கதை சொல்வது மட்டும் இல்லை. இன்ன உடல், இன்ன ஊர், இன்னார் பிடித்தது என்று ஒரு பொருளைக் காட்டி, அதை எடுத்து வைத்துவிட்டுப் போவது. அடுத்து வருபவர் அந்த உடலைத் திரும்ப எடுத்து, "ஐயா, நீங்க சொன்னது இல்லை இது" என்று சொல்ல முடிய வேண்டும். விளக்கம் மாறும். குப்பியும் லேபிளும் இருந்தால் உண்மை மறுபடி தலைதூக்கும்.

2018-இல் வந்த ஒரு சின்ன விவரிப்பையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிரையன் பிரவுன், பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து வந்த ஒரு ஃபோரிட் ஈக்குப் பெயர் வைத்தார். நீளம் 0.395 மில்லிமீட்டர். இவரே 2012-இல் தாய்லாந்திலிருந்து 0.4 மில்லிமீட்டர் ஈ ஒன்றை விவரித்திருந்தார். சாதனை அவர் கையைவிட்டுப் போகவில்லை. பிரேசில் ஈக்கு இறக்கை பெயருக்குத்தான் இருக்கிறது. இது ஒடிந்த இறக்கை இல்லை, சுருங்கிப்போன மிச்சம். முன்னங்கால்கள் மட்டும் பயில்வான் புஜம் மாதிரி புடைத்திருந்தன. அதனால் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகரின் பெயர்: மெகாப்ரோபோடிஃபோரா அர்னால்டி. அது எங்கே வாழ்கிறது, எதை அண்டிப் பிழைக்கிறது என்று பிரவுன் பார்த்ததில்லை. எறும்பையோ கறையானையோ ஒட்டி வாழலாம் என்று ஊகம் சொன்னார், ஊகம் என்றே எழுதினார். 1900-க்கும் 2018-க்கும் நடுவில் இந்தத் தொழில் கற்றுக்கொண்ட அடக்கம் அது.

*

பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹைம் இருக்கிறார், அஸ்முத் இருக்கிறார், ஹாலிவுட் நடிகர்கூட இருக்கிறார். அகமதுநகர் வெயிலில் மண்வெட்டி பிடித்துப் புற்றை வெட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. எந்தப் புற்றில் எது இருக்கும், எப்போது வெட்ட வேண்டும் என்ற அறிவை ஊர்க்காரர்கள்தானே கொடுத்திருக்க வேண்டும்?

நம் பக்கத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன். பூச்சி பிடிப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். குரும்பகரம், வாளையார்க் காடு, ஆனைமலையின் சின்கோனா என்று அவர் எழுதிய லேபிள்கள் உலகத்து அருங்காட்சியகங்களில் குத்தி நிற்கின்றன. அமெரிக்காவில் உட்கார்ந்து பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நீள்கால் ஈ இனங்களை விவரித்த சார்லஸ் அலெக்சாண்டருக்குத் தென்னிந்தியாவிலிருந்து பூச்சி அனுப்பியவர் இவர்தான். பல இனங்களின் பெயர் "நாதனி" என்று முடிகிறது. இலக்கிய உலகில் அவர் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. பூச்சி உலகில் அவர் நிரந்தரம்.

ஆனால் அங்கேயும் பூச்சிகள் கடல் தாண்டித்தான் போயின. வாஸ்மானின் சேகரிப்பு இன்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2002-இல் வந்த உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதை மாற்றப் பார்த்தது. இந்தியாவில் யார் புதிய இனம் கண்டுபிடித்தாலும் அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். நியாயமான சட்டம். ஆனால் காப்பகம் கட்டிவிட்டால் ஈ தானாக வந்து சேராது. யாராவது குனிந்து பார்க்க வேண்டும்.

குனிந்து பார்க்கப் புற்று இருக்க வேண்டும். குடகனாற்றுச் சமவெளியில் இருப்பது காளான் வளர்க்கும் கறையான். டெர்மிடோசீனியா வகையறா அண்டி வாழ்வதும் இந்தக் காளான் தோட்டக்காரர்களைத்தான். மஞ்சள் பூசி வேப்பிலை செருகிய புற்றை யாரும் தொட மாட்டார்கள். அம்மன் குடியேறாத புற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மனை பிரிக்கும்போது முதலில் ஜேசிபி இறங்குவது அதில்தான். பத்து நிமிஷத்தில் தரைமட்டம். உள்ளே பாம்பு இருந்தால் மட்டும் கூட்டம் கூடும்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மழை விட்ட சாயங்காலம், ஒரு சின்னக் குப்பி, கொஞ்சம் ஆல்கஹால், ஒரு லென்ஸ். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் தேதி, பிடித்தவர் பெயர், ஊர் பெயர். ஈக்கு யார் வேண்டுமானாலும் பின்னால் பெயர் வைக்கட்டும். தப்பாக எழுதினால் அதற்கும் பின்னால் ஒருவர் வந்து திருத்தட்டும். திருத்துவதற்கு அவருக்கு வேண்டியது அந்தக் காகிதம். அதில் "அகரம்" என்று தெளிவாக இருந்தால் போதும்.