தரங்கம்பாடி: அலையும் குடியும்

தலைநகர் காண உற்றாரும் உறவினரும் வருந்தோறும் அவர்களைச் செங்கோட்டைக்கு அழைத்துச் செல்வது தில்லித் தமிழராகிய நம் வழக்கம். ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த அக்கோட்டையின் பெருமையை நாம் சலிப்பின்றி எடுத்துரைக்கிறோம். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்த கோட்டை ஒன்று நம் சோழநாட்டுக் கடற்கரையில் நிற்கிறது என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அதனைக் காணும் விழைவோடு நண்பர் சிலர் மயிலாடுதுறையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று தரங்கம்பாடியை அடைந்தோம்.

ஊரின் நுழைவாயிலே நம்மை இரு நூற்றாண்டுகளுக்கு அப்பால் அழைத்துச் செல்கிறது. டேனிய அரசின் முத்திரை தாங்கிய அவ்வாயில் 1792-இல் எழுந்தது. அதனைக் கடந்தால் ராஜ வீதி நேரே கடலை நோக்கி நீள்கிறது. தூண் வரிசை கொண்ட பழைய மாளிகைகள் இருமருங்கும் அமைதியாக நிற்கின்றன. வீதியின் முடிவில், அலைகளை எதிர்நோக்கி, டேன்ஸ்பர்க் கோட்டை விளங்குகிறது.

இக்கோட்டையின் வரலாறு 1620-இல் தொடங்குகிறது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெட்டே என்னும் தளபதிக்கு இங்கு வாணிகம் செய்ய இசைவு தந்தார். அவர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொற்றகட்டில் எழுதுவித்த தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் உள்ளது. மிளகை நாடி வந்தவர்க்கு நம் மன்னர் தமிழ்மொழியிலேயே விடை எழுதினார் என்பது நினைந்து மகிழத்தக்கதன்றோ?

வாணிகர்க்குப் பின் சமயப்பணியாளர் வந்தனர். 1706-இல் இக்கரையில் இறங்கிய செருமானியராகிய சீகன்பால்க், ஊர்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். டேனிய ஆளுநரோடு முரண்பட்டு இதே கோட்டையில் சில திங்கள் சிறையும் இருந்தார். தமிழ் அச்சு 1578-இலேயே கொல்லத்தில் தோன்றிவிட்டது. எனினும் அது பின்னர்த் தளர்ந்து கிடந்தபோது அதற்குப் புத்துயிர் அளித்தது தரங்கம்பாடி அச்சகமே. இங்கு 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முற்றுப்பெற்றது. அவர் 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இன்றும் வழிபாட்டிற்குரியதாய்த் திகழ்கிறது.

இவ்வளவும் அழியாமல் எஞ்சியது எவ்வாறு? யாரும் போற்றிக் காத்தமையால் அன்று, மறந்து விட்டமையால்! டேனியர் 1845-இல் இவ்வூரைச் செரம்பூர் முதலிய தம் குடியேற்றங்களோடு சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றனர். 1861-இல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்தைத் தொட்டது. வாணிகமும் அதன்பின் சென்றது. பழையதை இடித்துப் புதியது கட்டுவதற்குரிய செல்வம் இங்கு இல்லாது போயிற்று. வறுமையே காவலாயிற்று. அண்மைக் காலத்திலேதான் கோட்டையும் மாளிகைகளும் முறையாகப் புதுப்பிக்கப்பெற்றன.

ஆயினும் டேனியர் வருமுன்னரே இங்கு ஊர் இருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அதற்குச் சான்று. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ என்று குறிக்கிறது. ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று பயண நூலார் பொருள் சொல்வர். கேட்க இனிதே, ஆனால் ‘பாடி’ என்பது பாடுவதைக் குறிப்பதன்று, குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பெயரில் அலையும் உண்டு, குடியும் உண்டு.

அக்குடியினரே மீனவர். பெருங்கப்பல்கள் கரையணைய இயலாத கடல் இது. ஆதலின் அவை தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் மனிதரும் நம் படகோட்டிகளின் கைவன்மையாலேயே அலை கடந்து கரை சேர்ந்தனர். டேனிய வாணிகம் இவர்தம் தோள்மேல் நடந்தது என்பது மிகையன்று.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்குடியினரையே கொடிதாகத் தாக்கியது. கோட்டை நின்றது, குப்பத்து வீடுகள் வீழ்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர்க் கரையினின்று விலகி அவர்க்குப் புதிய வீடுகள் எழுந்தன. உயிர்க்காப்பிற்கு அது வேண்டுவதே. எனினும் கடலின் நிறம் கண்டு தொழில் செய்பவர் கடல் தோன்றாத தெருவில் வாழ்வது எளிதன்று. மாளிகைகளைப் புதுப்பிக்கும் ஊரில், வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் உரிய கரை மீனவர்க்கே நிலைக்க வேண்டும். அஃதின்றேல் எஞ்சுவது தரங்கம் மட்டுமே, பாடி இராது.

தில்லித் தமிழன்பர்களே! அடுத்த விடுமுறையில் தாயகம் செல்லுங்கால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தரங்கம்பாடி செல்லுங்கள். கோட்டையைக் காணுங்கள், ஆலயத்தையும் கோயிலையும் வணங்குங்கள். பின்னர்ச் சிறிது தொலைவு மணலில் நடந்து, விடியலில் கரையேறும் படகுகளின் அருகே நில்லுங்கள். அங்கு வலையிலிருந்து மீன் பிரிக்கும் கைகளும் அவ்வூர் வரலாற்றின் ஏடுகளே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.