முப்படைக்கும் பொதுவான அதிகாரிகள்: இந்திய அனுபவம்

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தனித்தனி மரபுகள் கொண்டவை. ஆயினும் போரில் அவை இணைந்தே இயங்க வேண்டும். அதற்குப் பிற படைகளின் வலிமையையும் வரம்பையும் அறிந்த அதிகாரிகள் தேவை.

பயிற்சி

முப்படை மாணவர்களும் ஒன்றாகப் பயிலும் பிரிவு 1949 சனவரியில் டேராடூனில் தொடங்கப்பட்டது. பின்னர் புனே அருகேயுள்ள கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாதமி அமைந்து, 1955 சனவரி 16 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. இங்கு மூன்றாண்டுகள் சேர்ந்து பயின்ற பின்னரே மாணவர்கள் தத்தம் படையின் பயிற்சிக்கூடத்திற்குச் செல்கின்றனர்.

பணியில் அனுபவம் பெற்ற மேஜர் நிலை அதிகாரிகளும் மற்ற இரு படைகளில் அதற்கு இணையானவர்களும் மீண்டும் ஒன்றுகூடும் இடம், நீலகிரி மாவட்டம் வெலிங்டனிலுள்ள பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரி ஆகும். பிரிவினையின்போது குவெட்டா கல்லூரி பாகிஸ்தானுக்குச் சென்றதால், இந்தியாவிற்கென இது உருவானது. இங்கு பயில்வோர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் பெறுகின்றனர்.

நிர்வாகச் சிக்கல்

ஒன்றாகப் படித்தாலும், அதிகாரிகளின் பணிவாழ்வு அவரவர் படையின் கையிலேயே இருந்தது. 1999 கார்கில் போருக்குப் பின், கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு பாதுகாப்பு அமைப்பின் குறைகளை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 2001இல் அந்தமான் நிக்கோபாரில் முதல் முப்படைக் கட்டளையகம் அமைந்தது.

அங்கே ஒரு முரண் தெரிந்தது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டங்கள். கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டுக் கட்டளையகத்தின் தளபதி, பிற படையைச் சேர்ந்தவர் தவறு செய்தால் தாமே ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது. அவரை அவரது படைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வேலை வாங்கும் பொறுப்பு ஒருவரிடமும், தண்டிக்கும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தன.

மாற்றங்கள்

2020 சனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். படைகளை ஒருங்கிணைப்பது அவரது முதன்மைப் பணியாக இருந்தது. 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் கல்லூரியில் உரையாற்றச் சென்ற வழியில், குன்னூர் அருகே நிகழ்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் உயிரிழந்தார்.

ஒழுங்கு நடவடிக்கைக்கான சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 மே 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி கூட்டு அமைப்பின் தலைவர், தம் கீழ்ப் பணிபுரியும் எப்படையினர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் மூன்று படைச் சட்டங்களும் அப்படியே நீடிக்கின்றன.

சேர்ந்து பயிலும் முறை 1949இலேயே வந்துவிட்டது. சேர்ந்து ஆளும் அதிகாரம் சட்டமாக வருவதற்கு மேலும் 74 ஆண்டுகள் ஆயின.