ஸ்பிரிங்கா, குண்டா? கடிகாரப் பழுதுவேலையின் முதல் பாடம்

வீட்டுப் பரணிலோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ கிடைக்கும் சாவிக் கடிகாரத்தைத் தாமே பிரித்து ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. வளர்க்க வேண்டிய ஆசை அது. கடிகார ரிப்பேர் கடைகள் அருகிவரும் காலத்தில், பொழுதுபோக்காகக் கற்பவர்கள்தான் இந்தக் கைவேலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கப் போகிறார்கள். ஆனால் முதல் கடிகாரத்தை அழகு பார்த்தோ விலை பார்த்தோதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை ஓட்டும் விசை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான முறை.

அந்த வகையில் பெண்டுலக் கடிகாரங்கள் இரண்டு குலம். சுருட்டிய எஃகு ஸ்பிரிங்கில் ஓடுவது ஒன்று. தொங்கும் குண்டின் எடையில் ஓடுவது மற்றொன்று. முதல் குலத்துக்கு எட்டு நாள் ஓடும் அமெரிக்கச் சுவர்க்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அன்சோனியா, சேத் தாமஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பின. 1892இல் ஹட்டோரி கின்டாரோ டோக்கியோவில் தொடங்கிய செய்கோஷா ஆலையும் சுவர்க்கடிகாரத்தில்தான் தொடங்கியது. இரண்டாம் குலத்துக்கு, ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் செய்யப்படும் ஒருநாள் குக்கூ கடிகாரம். இரண்டிலும் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பல்சக்கரங்கள், இரண்டிலும் பெண்டுலம், இரண்டும் மணி அடிக்கும். ஆனால் கற்றுக்கொள்பவரின் கைக்கு அவை வெவ்வேறு உலகம்.

விசை இருக்கும் இடம்

குக்கூ கடிகாரத்தின் விசை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்குகிறது. பைன் மரக் காய் வடிவில் வார்த்த இரும்புக் குண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிராம். ஒன்று முள்ளை ஓட்டுகிறது, மற்றது மணியடிக்க. கொக்கியிலிருந்து இரண்டையும் கழற்றிவிட்டால் மெஷினுக்குள் விசை என்று எதுவும் மிச்சமில்லை. அதன்பின் எந்தத் திருகைத் திறந்தாலும் எதுவும் பாயாது.

அமெரிக்கச் சுவர்க்கடிகாரத்தில் கதை வேறு. சுமார் 19 மி.மீ. அகலமும் இரண்டரை மீட்டர் அளவு நீளமும் கொண்ட எஃகுப் பட்டை, உறை எதுவும் இல்லாமல் தகடுகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கும். அப்படி இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்துவது ‘கிளிக்’ எனப்படும் சிறு கொக்கி. சாவி கொடுக்கும்போது கேட்கும் ‘டக் டக்’ ஓசை அதனுடையதுதான். அதைத் தாங்கும் ரிவெட் தேய்ந்திருந்தால், சாவி கொடுக்கும்போதே அது நழுவிச் சாவி கையில் சுழன்று விரலைப் பதம் பார்க்கும்.

புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். கடிகாரம் நின்றுவிட்டதால் ஸ்பிரிங்கும் ஓய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எண்ணெய் உறைந்து, அழுக்கேறி நின்ற கடிகாரத்தில் கொடுத்த சாவி முழுவதும் அப்படியே இருக்கும். ஓடவில்லையே என்று வீட்டில் ஆளாளுக்கு இன்னும் நாலு சுற்று கொடுத்தும் வைத்திருப்பார்கள். ஓடி ஓய்ந்த கடிகாரத்தைவிட, பழுதாகி நின்ற கடிகாரத்துக்குள்தான் அதிக விசை தேங்கியிருக்கும். அந்த நிலையில் தகட்டைத் திறந்தால் ஸ்பிரிங் ஒரே நொடியில் விரியும். சக்கரங்களின் பற்கள் வளையும், அச்சுமுனைகள் முறியும், விரல் கிழியும்.

பிரிப்பதற்கு முன்

குக்கூ கடிகாரத்துக்கு முன்னேற்பாடு எளிது. முதலில் குண்டுகளைக் கழற்ற வேண்டும், பிறகு பெண்டுலத்தை. பெட்டியின் அடிப்பக்கத்தை ஒட்டிச் சங்கிலிக் கண்ணிகளுக்குள் ஒரு கம்பியைக் கோத்துவிட்டால், சங்கிலி உள்ளே நழுவிச் சக்கரத்தை விட்டு இறங்காது. பிறகு சுவரிலிருந்து இறக்கலாம். இதே குலத்தைச் சேர்ந்த ஆளுயரக் கடிகாரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் குண்டு ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கலாம்; கயிறு இற்றுப்போயிருந்தால் காலில் விழும்.

ஸ்பிரிங் கடிகாரத்துக்குத் தளர்த்தும் சாவி இல்லாமல் திருகாணியைத் தொடவே கூடாது. வழவழப்பான உருண்டைக் கைப்பிடியும், முனையில் சாவித் துளையும் கொண்ட கருவி அது. அதைச் சாவித்தண்டில் பொருத்தி, உள்ளங்கையால் இறுகப் பிடித்து, சாவி கொடுக்கும் திசையில் இம்மியளவு திருப்பினால் கிளிக்கின் மேலிருந்த அழுத்தம் விலகும். மறு கையில் திருப்புளி முனையால் கிளிக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை உள்ளங்கைக்குள் மெல்ல மெல்ல வழுக்கிச் சுழலவிட வேண்டும். கை சோர்ந்தால் கிளிக்கை விட்டுவிடலாம். அது மறுபடி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். சாதாரணச் சாவியால் இதைச் செய்யவே கூடாது. அதன் காதுகள் சுழன்று விரலை அடிக்கும்.

உறையில்லாத ஸ்பிரிங்குக்குத் தளர்த்துவதற்கு முன் இன்னொரு படியும் உண்டு. முழுச் சாவி கொடுத்து, ஸ்பிரிங்கைச் சுற்றி எஃகு வளையம் ஒன்றை மாட்டி, அந்த வளையத்துக்குள் அடங்கும் அளவுக்கே தளர்த்த வேண்டும். ஒரு ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு மணிப் பக்கத்து ஸ்பிரிங்கை மறப்பவர்கள் உண்டு. இரண்டையும் தளர்த்தியாக வேண்டும். ஜெர்மன் கடிகாரங்கள் பலவற்றில் ஸ்பிரிங் பித்தளை டப்பாவுக்குள் இருக்கும். பிரிக்கும்போது அது பாதுகாப்புதான். ஆனால் அந்த டப்பாவைத் தொடக்கக்காரர் திறக்கக் கூடாது. அதற்கென்று உள்ள சுற்றும் கருவியோடு, அனுபவமுள்ளவர் அருகிருந்து சொல்லித்தர வேண்டிய வேலை அது. கண்ணாடியும் தடித்த கையுறையும் ஸ்பிரிங் வேலையில் எப்போதும் கட்டாயம்.

மணி அடிக்கும் பகுதி

கைக்கு எளிய குக்கூ இங்கே மூளைக்கு வேலை வைக்கிறது. உயர்ந்த சுரம் ஒன்று, தாழ்ந்த சுரம் ஒன்று என இரண்டு துருத்திகள், அவற்றைத் தூக்கும் கம்பிகள், கதவைத் திறந்து வெளியே வரும் குயில், மணிக்கம்பியைத் தட்டும் சுத்தியல் எல்லாம் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். ஒரு கம்பி சற்று வளைந்தாலும் குயில் பாதியில் நின்றுவிடும். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவைக்காதவர் திரும்பப் பூட்டத் திணறுவார்.

அமெரிக்கக் கடிகாரத்தில் ஒரே சுத்தியல்தான். பெரும்பாலும் விளிம்பில் வெட்டுகள் கொண்ட எண்ணிக்கைச் சக்கரம் ஒன்று அடிகளைக் கணக்கிடும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78, அரைமணிக்கு ஒன்றாக 12. பன்னிரண்டு மணி நேரத்தில் 90 அடிகள். முள் எங்கே நிற்கிறது என்பது அச்சக்கரத்துக்குத் தெரியாது. அதனால் மூன்று மணிக்கு ஏழு அடித்தால் அது பழுதே அல்ல. மணியை விடுவிக்கும் நெம்புகம்பியைத் தூக்கி, முள் காட்டும் மணிக்கு அடி வரும்வரை அடிக்கவிட்டால் போதும்.

ஓட்டத்தின் சீர்

குண்டின் இழுப்பு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். அதனால் குண்டுக் கடிகாரத்தின் ஓட்டம் நாள் முழுதும் சீராக இருக்கும். ஸ்பிரிங் முழுச் சாவியில் பலமாகவும் கடைசியில் தளர்வாகவும் இழுப்பதால், வார முதலுக்கும் முடிவுக்கும் ஓட்டத்தில் வேறுபாடு இருக்கும். சாவிக் கடிகாரம் வாரக் கடைசியில் கொஞ்சம் பிந்துகிறது என்பதற்காகப் பிரிக்க வேண்டாம்.

இரு குலத்துக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. பெண்டுலத்தின் ‘டிக்’கும் ‘டாக்’கும் சம இடைவெளியில் விழாவிட்டால் கடிகாரம் சில நிமிடங்களில் நின்றுவிடும். சுவரில் சாய்ந்து தொங்குவதே பெரும்பாலும் காரணம். காதைக் கொடுத்துக் கேட்டபடி பெட்டியை மெல்ல அப்படியும் இப்படியும் நகர்த்தி, ஓசை சமமாகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பழுது என்று வரும் கடிகாரங்களில் பல இதிலேயே ஓடிவிடும்.

எண்ணெய் விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரே விதி. அச்சுமுனை சுழலும் துளைகளில் கடிகார எண்ணெய் ஒரு சிறு துளி மட்டும். சக்கரப் பற்களுக்கும் குக்கூவின் சங்கிலிக்கும் எண்ணெய் கூடாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகும். தெளிக்கும் டப்பா எண்ணெய் தூசியை ஈர்த்துப் பசையாக்கும். பெட்ரோல் கொண்டு கழுவுவது வீட்டுக்கே ஆபத்து.

இருட்டில் ஒளிர்ந்த எண்கள் கொண்ட பழைய அலாரம் டைம்பீஸ்களை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அவற்றில் பல ரேடியம் பூசியவை. ஒளி மங்கியிருந்தாலும் ரேடியம் போய்விடவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடியைத் திறக்கவோ முகப்பைச் சுரண்டவோ வேண்டாம்.

எதில் தொடங்கலாம்?

குண்டுக் கடிகாரம் கையைக் காப்பாற்றுகிறது, பொறுமையைச் சோதிக்கிறது. ஸ்பிரிங் கடிகாரம் அமைப்பில் எளிது, ஆனால் முதல் பிழையை மன்னிக்காது. கம்பியைத் தவறாகப் பூட்டினால் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். கண்ணில் பட்ட அடியை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஆகவே முதல் கடிகாரம் குண்டில் ஓடுவதாக இருக்கட்டும் என்பதே என் முடிவு. நம் ஊரில் ஸ்பிரிங் கடிகாரம்தான் கைக்கு எட்டுகிறது என்றால், கடிகாரத்துக்கு முன்பாகத் தளர்த்தும் சாவியை வாங்குங்கள். தாத்தா விட்டுச்சென்ற கடிகாரத்தில் கை பழகாதீர்கள். யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றை மலிவாக வாங்கிப் பழகுங்கள். எந்தக் கடிகாரமானாலும், அதன் விசை முழுதும் வெளியேறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே முதல் திருகாணியைத் தொடுங்கள்.