படகர் கிறிஸ்தவர்

படகர் கிறிஸ்தவர்: நீலகிரியின் படகர் குடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய சிறு கிறிஸ்தவ சமுதாயம். சென்னை சிவில் உத்தியோகத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்றுக் கேத்தியில் குடியேறிய காசமேஜர் என்னும் ஆங்கிலேயரின் ஆதரவால், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பாசல் மிஷன் 1846இல் அங்குத் தன் ஊழியத்தைத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையாகப் பாடசாலை நடத்தியும் ஹட்டி எனப்படும் படகர் ஊர்தோறும் சென்று போதித்தும் வந்த பின்னரே, 1858இல், ஹாலையா என்பவர் ஆபிரகாம் என்ற பெயருடன் படகருள் முதல்வராக ஞானஸ்நானம் பெற்றார்.

குலமும் ஹட்டியும் உறவுமே வாழ்வின் ஆதாரமாயிருந்த சமூகத்தில், கிறிஸ்துவுக்குள் இருப்பவன் புதுச்சிருஷ்டி என்னும் பவுலின் உபதேசத்தை ஏற்பது, பழைய வழிபாட்டைத் துறப்பதோடு சுற்றத்தாரின் பந்தியையும் சம்பந்தத்தையும் இழக்கத் துணிவதாகவும் இருந்தது. ஆயினும் புதுவாழ்வு தாய்மொழியைக் கைவிடச் சொல்லவில்லை. லூக்கா சுவிசேஷம் படக மொழியில் 1890இல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. விட வேண்டியதை விட்டு, காக்க வேண்டியதைக் காத்த இவ்விவேகமே இச்சமுதாயத்தின் தனிச்சிறப்பாகும்.

நீலகிரியின் மற்றொரு குடியினரான தோடரிடையே காதரின் லிங் அம்மையார் ஆற்றிய திருப்பணியும் படகரிடையே நடந்த இவ்வூழியத்தோடு ஒப்பிடத்தக்கது. நீலகிரி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தில் அடங்கும்.