பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்: சில்வியாவா, இன்டெக்ராவா, 86-ஆ?

இரண்டு கதவு ஜப்பானிய கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி மோடிஃபை செய்ய வேண்டும் என்பது நம் இளைஞர்கள் பலரின் ஆசை. விளம்பரத்தில் விலை கைக்கு எட்டுவதுபோல் தெரியும். ஆனால் 20 வயதான காருக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். அடுத்து கிரெடிட் கம்பெனி, அதன் பின்னால் அப்பாவின் ஜாமீன் கையெழுத்து. ஆகவே காரைப் பார்க்குமுன் கணக்கைப் பாருங்கள்.

முதல் கணக்கு சாலை வரி. தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள 1998 சிசி காருக்கு ஆண்டுக்கு 379 வெள்ளி. நிசான் சில்வியா எஸ்15, ஹோண்டா இன்டெக்ரா டிசி5 டைப் ஆர், டொயோட்டா 86 மூன்றும் இந்த அளவுதான். நிசான் 350இசட் 3498 சிசி. அதற்கு 4,371 வெள்ளி. விற்கும் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில்வியா எஸ்15, 1999 முதல் 2002 வரை வந்தது. ஸ்பெக் ஆர் வகையில் டர்போவுடன் 250 குதிரைத்திறன். ஸ்பெக் எஸ் வகையில் டர்போ கிடையாது, 165 மட்டுமே. டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி எளிதில் ஏறும், ஆனால் அதன் ஆறு கியர் பெட்டி அவ்வளவு தாங்காது. இன்டெக்ரா டைப் ஆர் 220 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. மூன்றாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் மானிய விலை ரோன் 95 போதாது, 97 ஊற்ற வேண்டும். 86-இன் முதல் தலைமுறை 2012-இல் வந்தது, சுமார் 200 குதிரைத்திறன். ஆரம்ப கால கார்களுக்கு வால்வு ஸ்பிரிங் மாற்றும் ரீகால் வந்தது. அது செய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். தினமும் வேலைக்கு ஓட்டவும் இதுவே ஒரே காராக இருந்தால், என் கணக்கில் 86-தான். சில்வியா, வீட்டில் இன்னொரு மைவி நிற்பவருக்கு.

பணம் உண்மையில் போவது கிராண்ட் விஷயத்தில்தான். ஜப்பானில் முன்பாதி வெட்டப்பட்டு, இஞ்சின், கியர் பெட்டியோடு இங்கே வரும் ஹாஃப்கட்டை நாம் அறிவோம். அதிலிருந்து மாற்றிய இஞ்சின் ஜேபிஜேயில் பதியப்படாமல் இருந்தால், பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனையில் கார் நின்றுவிடும். முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குவது உங்கள் பாடு. இஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் கிராண்டோடு நீங்களே, டார்ச் அடித்து, ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம்.

போலியும் உண்டு. 180எஸ்எக்ஸ் காருக்கு எஸ்15 முகம் மாட்டியிருப்பார்கள். சாதாரண இன்டெக்ராவுக்குச் சிவப்பு எச் சின்னமும் ரெகாரோ இருக்கையும் வந்துவிடும். அசல் டைப் ஆர் ஆறு கியர். 160 குதிரைத்திறன் கொண்ட சாதாரண மேனுவலில் ஐந்து.

ஏற்கெனவே மோடிஃபை செய்த கார் மலிவாகத் தோன்றும். பெரிய டர்போ மாட்டியவர் கூலிங்கைக் கவனித்தாரா, இசியு டியூன் எங்கே செய்தார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அசல் நிலையில் இருக்கும் வேறு காரைத் தேடுவது மேல். உங்களுக்குப் பழக்கமான போர்மேனை அழைத்துப் போய், காரை லிஃப்டில் ஏற்றி, கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் செலவு சக்திக்கு அல்ல. ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய்கள், புஷ், பிரேக், டயர். நம் வெயிலில், டோல் நெரிசலில் நிற்கும் பழைய டர்போ கார் முதலில் சூட்டில்தான் விழும். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவோர் வீட்டுக்குப் போகும் வழியையும் நினைக்க வேண்டும்: எஸ்டேட் செம்மண் சாலையும் தாமான் வேகத்தடையும் முன்பம்பரைப் பார்த்து ஒதுங்காது. கழற்றிய அசல் பாகங்களை, முக்கியமாக எக்ஸாஸ்டை, விற்றுவிடாதீர்கள். புஸ்பாகோமுக்குப் போகும் நாளில் தேவைப்படும்.

காப்புறுதியை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய காருக்கு மூன்றாம் தரப்பு மட்டும் தருவார்களா, முழுக் காப்புறுதியா, எவ்வளவு மதிப்புக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். செய்த மாற்றங்களையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்து நடந்தபின் இழப்பீடு மறுக்கப்படலாம், கடன் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.