மாதோ சிங்கின் குளிரங்கி

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் நமக்குக் குளிர்காலம் என்பது, மார்கழியில் பெட்டியிலிருந்து எடுக்கும் ஒரு கம்பளிச் சட்டையோடு முடிந்துவிடுகிறது. ராஜஸ்தானத்துக் குளிர் அத்தன்மையதன்று. அதை நினைவிற்கொண்டாலன்றி, ஜெய்ப்பூர் அரண்மனைப் பொருட்காட்சிசாலையிலுள்ள ஓர் உடையைச் சரிவர அறிய இயலாது.

1959-ஆம் ஆண்டில் இரண்டாம் சவாய் மான் சிங் நிறுவிய சாலை அது. அரச குடும்பத்தாரின் ஆடைகள் அங்கே முபாரக் மஹாலில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1750 முதல் 1768 வரை ஆண்ட முதலாம் சவாய் மாதோ சிங்கின் மேலங்கியைக் கண்டு மலைக்காதவர் இலர். அத்துணை அகலம்! மன்னர் 7 அடி உயரம், 250 கிலோ எடை என்று வழிகாட்டிகள் கூறுவர். பயண நூல்களும் அதையே எழுதிவிட்டன.

துணியைக் கொண்டு ஆளை நிறுக்கும் தராசு நாம் அறிந்தவரை இல்லை.

அவ்வுடையின் பெயர் ஆதம்சுக். ஆன்மாவுக்குச் சுகம் தருவது என்று பொருள். பஞ்சு வைத்துத் தைத்த நீண்ட பட்டங்கி அது. ஜாமா முதலிய உடைகளை அணிந்து, இடைக்கச்சையும் கட்டிய பின்னர், அனைத்தின்மேலும் தளர்வாகப் போட்டுக்கொள்வது. ஆகவே அதன் அகலத்தில் மன்னரின் மேனிக்கு ஒரு பங்கு என்றால், உள்ளுடைகளுக்கு ஒரு பங்கு, பஞ்சுக்கு ஒரு பங்கு, தையற்காரர் வேண்டுமென்றே விட்ட தளர்ச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. மாதோ சிங் பருத்த மேனியர் என்பதை நாம் மறுக்கவில்லை; ஓவியங்களும் அவரை அவ்வாறே காட்டுகின்றன. 250 கிலோ என்பதைத்தான் ஏற்கத் தயங்குகிறோம்.

இவ்வுடை நம் கண்ணுக்குக் கிட்டியதே பெரிது. ஜெய்ப்பூர் அரசில் சாயமிட ரங்கானா, அச்சிடச் சாப்பாகானா, காத்துவைக்கத் தோஷாகானா என ஆடைக்கென்றே தனித்தனிச் சாலைகள் இருந்தன. பட்டும் பஞ்சும் நெருப்புக்கு எத்துணை எளியவை என்பதை மைசூர் நாட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1897-ஆம் ஆண்டில் இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணியின் திருமணத்தின்போது அங்கே பழைய மர அரண்மனையே எரிந்துபோயிற்று.

உடையின் அளவைக் கண்டு வியப்பவர்கள் உடுத்தவரை மறந்துவிடுகின்றனர். தந்தை சவாய் ஜெய் சிங் 1743-இல் மறைந்தபின், தமையன் ஈஸ்வரி சிங்கோடு ஏழாண்டுகள் அரியணைக்காகப் போராடி, அவர் நஞ்சுண்டு மாண்ட பின்னரே மாதோ சிங் பட்டமெய்தினார். நாற்பது வயதளவில் இறந்தும் போனார். 1763-இல் அவர் அமைத்த நகரம் சவாய் மாதோபூர் என அவர் பெயராலேயே வழங்குகிறது. ரணதம்போர்க் காட்டுக்குப் புலி பார்க்கச் செல்வோர் ரயிலிலிருந்து இறங்குவது அங்கேதான்.